மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின்

நோய்க்கு மருந்து கண்டாரை உலகம் போற்றும்; ஒரு நோயை மற்றொரு நோயினின்றும் பிரித்துக் காட்டினாரை எளிதில் மறந்துவிடும். ஆயினும், நோய் இன்னதெனத் தெளியாவிடத்து மருந்திருந்தும் பயனில்லை. நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாடவேண்டுமென்பது வள்ளுவனார் வகுத்த முறை. எம் கம்பைநல்லூர்ப் பக்கத்து முதியோர், கழுத்தில் எக்கட்டி திரளினும் அதனைக் கண்டமாலை என்ற ஒரே பெயரால் வழங்குவர். இருநூறாண்டுகட்கு முன்னர் ஐரோப்பிய மருத்துவர் நிலையும் பெரும்பாலும் இதுவே. அப்பொதுப் பெயரினின்றும் தனியொரு நோயை வேறுபடுத்திக் காட்டிய பெருமை தாமஸ் ஹாட்ஜ்கினுக்கு உரியது. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஹாட்ஜ்கின் 1798ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் இலண்டன் நகரை அடுத்த பெண்டன்வில் என்னுமிடத்திற் பிறந்தார். அவர் குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ வகுப்பினர். ஆடம்பரமற்ற உடையும், பொய்யா மொழியும், போரை வெறுக்கும் உள்ளமும் அக்காலத்து அவ்வகுப்பாரின் அடையாளங்களாயிருந்தன. பெரியோரையும் சிறியோரையும் அவர்கள் அந்நாளில் ஒருமையிலேயே விளித்தனர். இறைவன் திருமுன் அனைவரும் சமமென்பது அவர்தம் கொள்கை. ஹாட்ஜ்கின் தம் வாழ்நாள் இறுதிவரை அவ்வெளிய உடையைக் கைவிட்டிலர்.

அக்காலத்தில் குவேக்கர்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிற் பட்டம்பெற இடமில்லை. ஆதலின் அவர் இலண்டன் கைஸ் மருத்துவசாலையிற் பயின்ற பின்னர் எடின்பரோ நகரஞ் சென்று, 1823இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இடையே பாரிஸ் நகரில் லேனெக் என்னும் பேராசிரியரிடம், அவர் புதிதாக ஆக்கிய ஸ்டெத்தாஸ்கோப்பைக் கையாளும் முறையைக் கற்று, அதனைக் கைஸ் மருத்துவசாலை மாணவர்க்கும் எடுத்துரைத்தார்.

கைஸ் மருத்துவசாலை மருத்துவக் கல்லூரி 1825இல் தனியே அமைந்தபோது, நோயுற்ற உறுப்புக்களைப்பற்றிய பாடத்திற்கு விரிவுரையாளராகவும் அங்குள்ள காட்சிச்சாலையின் காப்பாளராகவும் அவர் அமர்ந்தார். இறந்தோர் உடல்களை அறுத்து ஆராய்வதும், நோயுற்ற உறுப்புக்களைப் பாதுகாத்து வரிசைப்படுத்துவதும் அவர் பணி. பிறர் அருவருக்கும் அத்தொழிலை அவர் பத்தாண்டுக்கு மேல் சலியாது செய்தார். 1827இல் ஜோசப் ஜாக்ஸன் லிஸ்டர் என்பாருடன் கூடி, திருத்தமுற்ற நுண்ணோக்கியால் குருதியின் செவ்வணுக்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்.

1832ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் சங்கமொன்றில் அவர் எழுதிய கட்டுரை படிக்கப்பட்டது. கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் நிணநீர்ச் சுரப்பிகள் வீங்கி, மண்ணீரலும் பெருத்து மாண்ட நோயாளர் எழுவரின் வரலாறு அதன்கண் உள்ளது. வேறோருறுப்பின் புண்ணாலோ காசநோயாலோ இச்சுரப்பிகள் வீங்கவில்லை; நோய் சுரப்பிகளிலேயே தோன்றுகின்றது என்பதே அவர் கண்ட முடிபு. இம்முடிபிற்கு அவர் நுண்ணோக்கியின் துணையைக் கொள்ளவில்லை. கண்ணும் கையும் பொறுமையுமே கருவிகளாயின. ஆயினும் அக்கட்டுரையைக் கேட்டோரும் படித்தோரும் அதனைப் பொருட்படுத்தினரல்லர்.

அறிவுத்துறையில் இங்ஙனம் உழைத்தவர்க்கு அறத்துறையிற் சோதனையொன்று நேர்ந்தது. கைஸ் மருத்துவசாலையின் பொருளாளராய் முழு அதிகாரம் செலுத்தியவர் பெஞ்சமின் ஹாரிஸன் என்பார். வட அமெரிக்காவிற் கம்பளிமயிர்த்தோல் வாணிகம் நடத்திய ஹட்ஸன் வளைகுடாக் கம்பெனியின் ஆட்சிக்குழுவிலும் அவர் இருந்தார். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் வாணிகராலும் மதுவாலும் சீரழிவதை ஹாட்ஜ்கின் அறிந்து வருந்தினார். தம் பதவியுயர்வு யார் கையில் இருந்ததோ அவருக்கே அக்கொடுமைகளை எழுத்து வாயிலாக எடுத்துக்காட்டினார். 1837இல் துணைமருத்துவர் பதவி காலியாயிற்று. தகுதியும் நீண்ட பணியும் உடைய ஹாட்ஜ்கினுக்கு அது கிட்டவில்லை. பேபிங்டன் என்பார்க்கு அளிக்கப்பட்டது. பழங்குடியினர்க்காகப் பரிந்து பேசியதும் இதற்கு ஒரு காரணமென்பர். அவர் மருத்துவசாலையை விட்டு விலகினார். தம் கையாற் சேர்த்து வரிசைப்படுத்திய காட்சிச்சாலையைப் பிரிந்தது அவர்க்குப் பேரிழப்பேயாம்.

எனினும் அவர் மனந்தளர்ந்திலர். ஆங்கிலேயர் குடியேறிய நாடுகளில் வாழும் பழங்குடிகளைக் காக்கும் சங்கமொன்றை அவ்வாண்டுகளிலேயே நண்பருடன் நிறுவி, அதற்காக இறுதிவரை உழைத்தார். ஏழை நோயாளரிடம் கூலி கேட்கக் கூசுவர். ஆதலின் அவர் தொழில் செல்வத்தைத் தரவில்லை. யூதப் பெருஞ்செல்வரான மோஸஸ் மாண்டிஃபியோரி அவர்தம் உயிர்நண்பர். அவருடன் பாலஸ்தீனத்திற்கு யாத்திரை சென்றபொழுது, 1866ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வயிற்றுக்கடுப்பு நோயால் யோப்பாவில் உயிர் நீத்தார். தொற்காள் ஏழைகளுக்கு ஆடை தைத்தளித்த அவ்வூரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. நண்பர் அங்கே நினைவுக்கல் நாட்டினார்.

அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்னரே அவர் உழைப்புக்கு நியாயம் கிடைத்தது. கைஸ் மருத்துவசாலையைச் சார்ந்த ஸாமுவேல் வில்க்ஸ் அந்நோயைத் தாமே தனியாகக் கண்டறிந்தார். ஹாட்ஜ்கின் முன்னரே அதனைக் கண்டாரெனத் தெரிந்ததும் புகழைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, 1865இல் அதற்கு ஹாட்ஜ்கின் நோயெனப் பெயரிட்டார். 1898இல் ஸ்டெர்ன்பெர்க்கும் 1902இல் டாரதி ரீட் என்னும் பெண்மணியும் அந்நோய்க்குரிய பேரணுவை நுண்ணோக்கியால் விளக்கினர். 1926இல், ஹாட்ஜ்கின் பாதுகாத்து வைத்த உறுப்புக்களையே ஆராய்ந்தபோது, அவற்றுட் சிலவற்றில் அந்நோய் உறுதியாயிற்று. கிட்டத்தட்ட நூறாண்டுகளின் பின்னரும் அவர் சேகரம் சான்று பகர்ந்தது!

ஹாட்ஜ்கின் தொடங்கிய பகுப்பு இன்று பல கிளைகளாய் விரிந்துள்ளது. நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய்களை லிம்போமா என்பர்; உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட பகுப்பில் அதன் வகைகள் பலவாம். நாட்டுக்கு நாடு இவ்வகைகளின் விகிதம் வேறுபடும். ஜப்பானில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், ஹாட்ஜ்கின் நோய் நூற்றுக்கு நான்கு பங்களவே. டி அணுவைச் சார்ந்த வகைகளோ ஏறத்தாழக் காற்பங்கு. இது மேனாட்டு விகிதத்திற்கு மாறானது. 1977இல் டகாட்சுகி முதலியோர், தென்மேற்கு ஜப்பானில் மிகுந்த ஒரு டி அணு நோயைத் தனிவகையெனக் காட்டினர். பின்னர் அதற்கு வைரஸ் ஒன்று காரணமென்பதும், அது தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குச் செல்லுமென்பதும் விளங்கின. அதனால் நாகஸாகிப் பகுதியில் 1987 முதல் கருவுற்ற தாய்மாரைச் சோதித்து, குழந்தைகளைக் காக்கும் முயற்சி தொடங்கிற்று. நோயைப் பிரித்தறிதல் வெறும் பெயர்சூட்டல் அன்று. பிறவாத குழவிக்கும் அது அரணாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஒருகால் மரணமே முடிவென அஞ்சப்பட்ட ஹாட்ஜ்கின் நோயும் இன்று பெரும்பாலார்க்குத் தீரக்கூடியதாயிற்று.

மாணவ நண்பர்காள்! பொதுப்பெயரில் மறைந்து கிடந்த நோயை வேறாகக் கண்ட கண்ணே, தொலைநாட்டுப் பழங்குடியின் துயரையும் கண்டது. முன்னதற்கு அவர் காலத்திற் புகழ் தாழ்த்தே வந்தது. பின்னதற்குக் கிடைத்த பரிசு பதவியிழப்பு. இரண்டையும் ஒருங்கே ஏற்று, கண்டதைக் கண்டவாறு கூறிய அப்பெரியார் வாழ்க்கை, கல்வி பயிலும் நமக்கு என்றும் நல்வழி காட்டுவதாக.