எமிலி ஹாப்ஹவுஸ் அம்மையார்

போர் மூண்ட காலத்தில் ஒவ்வொரு நாட்டாரும் தம் நாட்டின் வெற்றியையே விரும்புவர். தம் வீரர் படும் துன்பம் அவர் நெஞ்சை உருக்கும். பகைவர் வீட்டுக் குழந்தைகள் பசியால் வாடுவதோ அவர் கண்ணுக்கு எளிதில் புலனாவதில்லை. புலனாயினும் அதனை வெளிப்படையாக எடுத்துரைக்கத் துணிவோர் மிகச் சிலரே. அங்ஙனம் துணிந்து, தம் நாட்டார் கூறிய பழிமொழிகளைத் தாங்கிக்கொண்டு, தென்னாப்பிரிக்காவில் போரினால் வீடிழந்த பெண்டிரையும் குழந்தைகளையும் காக்கப் பாடுபட்ட ஆங்கிலப் பெண்மணியே எமிலி ஹாப்ஹவுஸ் அம்மையார்.

இளமை

அம்மையார் 1860-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 9-ஆம் நாள் பிறந்தார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் பகுதியிலுள்ள செயின்ட் ஐவ் என்னும் சிற்றூர் அவர் பிறந்த ஊராகும். அவர் தந்தையார் அவ்வூர்க் கிறித்தவத் திருச்சபையின் குருவாக விளங்கினார். ஆண்மக்களுக்கே உயர்கல்வி உரியது என்று கருதிய காலம் அது. ஆதலால் எமிலியின் தம்பி பெரிய பல்கலைக்கழகத்திற்குச் சென்று பயில, எமிலி பெரும்பாலும் வீட்டிலேயே கல்வி கற்றார். நூல்களை விரும்பிப் படித்துத் தம் அறிவைத் தாமே வளர்த்துக்கொண்டார்.

எமிலிக்கு இருபது வயது நிரம்பிய காலத்தில் அன்னையார் இறந்தார். தந்தையாரோ உடல்நலம் குன்றியவர். அவருக்குப் பணிவிடை செய்வதிலேயே எமிலியின் இளமைக் காலம் கழிந்தது. 1895-ஆம் ஆண்டு தந்தையாரும் மறைந்தார். பின்னர் அம்மையார் கடல் கடந்து அமெரிக்கா சென்று, மின்னசோட்டா மாநிலத்தில் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊரொன்றில் தங்கினார். மதுவினால் சீரழிந்த தொழிலாளர் குடும்பங்களைத் திருத்த முயன்றார்; அவர்கள் படிப்பதற்கென நூலகம் ஒன்றையும் அமைத்தார். 1898-ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்திற்குத் திரும்பினார்.

போர் மூண்டது

அக்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் டிரான்சுவால், ஆரஞ்சு சுதந்திர நாடு என இரு குடியரசுகள் இருந்தன. ஆலந்து நாட்டிலிருந்து முன்னாளில் குடியேறியவர்களின் வழிவந்த போயர் என்னும் வெள்ளையர் அவற்றை ஆண்டனர். அவர்கள் பெரும்பாலும் உழவர்கள். டிரான்சுவாலில் 1886-ஆம் ஆண்டு பொன்வளம் கண்டறியப்பட்டது. அதன்பின் ஆங்கில அரசுக்கும் போயர்களுக்கும் பகைமை முற்றியது. 1899-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் போர் மூண்டது.

அடுத்த ஆண்டு நடுவிற்குள் இரு குடியரசுகளின் தலைநகரங்களும் ஆங்கிலேயர் வசமாயின. எனினும் போயர்கள் பணியவில்லை. அவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, மறைந்து நின்று தாக்கினர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் கிடைக்காதவாறு தடுக்க எண்ணிய ஆங்கிலப் படைத்தலைவர்கள், போயர்களின் பண்ணைகளை எரிக்குமாறு ஆணையிட்டனர். ஏறத்தாழ 30,000 பண்ணை வீடுகள் அழிந்தன. விளைந்த பயிர் தீக்கிரையாயிற்று, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன. வீடிழந்த பெண்டிரும் குழந்தைகளும் திறந்த புகைவண்டிப் பெட்டிகளில் ஏற்றப்பட்டு, முகாம்களில் அடைக்கப்பட்டனர். அப்பண்ணைகளில் உழைத்து வந்த கறுப்பு ஆப்பிரிக்க மக்களும் தம் குடிசைகளை இழந்து, வேறு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இச்செய்திகள் சிறிது சிறிதாக இலண்டன் மாநகரை எட்டின. போரை எதிர்த்த கழகமொன்றின் மகளிர் பிரிவுக்குச் செயலாளராக இருந்த எமிலி அம்மையார் அவற்றைக் கேட்டு மனம் வருந்தினார். தென்னாப்பிரிக்கப் பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் உதவ ஒரு துயர்துடைப்பு நிதியைத் தொடங்கினார். சேர்ந்த பொருளை அனுப்பிவிட்டு அமைதியாக இருந்திருக்கலாம். ஆயினும், துன்புறுவோரை நேரிற் கண்டு உதவுவதே முறை என்று கருதினார். 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

நேரிற் கண்ட துயரம்

கேப் டவுன் நகரை அடைந்த அம்மையார், அங்கிருந்த ஆங்கில ஆட்சித்தலைவர் மில்னரைக் கண்டு, முகாம்களுக்குச் செல்ல இசைவு வேண்டினார். படைத்தலைவர் கிச்சனர் புளூம்பாண்டீன் நகர் வரை மட்டுமே செல்ல இசைந்தார். உணவும் உடையும் நிரம்பிய ஒரே ஒரு சரக்குப் பெட்டியுடன் அம்மையார் புகைவண்டியில் புறப்பட்டு, 1901-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் அந்நகரை அடைந்தார்.

நகருக்கு வெளியே, மரநிழல் அற்ற மேட்டு நிலத்தில் வெண்ணிறக் கூடாரங்கள் வரிசையாக நின்றன. பகலில் கூடாரத்தினுள் வெயில் சுட்டது. மழை பெய்தால் தரையெல்லாம் நீர் ஓடியது. பலர் கட்டில் இன்றி வெறுந்தரையில் படுத்தனர். குடிநீர் மிகக் குறைவு. கிடைத்த ஆற்று நீரும் தூயதன்று. அதனைக் காய்ச்சிக் குடிக்கப் போதிய விறகும் இல்லை. சவர்க்காரம் கேட்டபோது, அது தேவைக்கு மிஞ்சிய பொருள் என்று அதிகாரிகள் மறுத்திருந்தனர். கணவனோ தந்தையோ இன்னும் போர்புரிந்துகொண்டிருந்த குடும்பங்களுக்குத் தொடக்கத்தில் உணவின் அளவும் குறைக்கப்பட்டிருந்தது. தட்டம்மையும் குடற்காய்ச்சலும் பரவிக் குழந்தைகளைக் கொன்றன.

அம்மையார் அழுதுகொண்டு நிற்கவில்லை. கூடாரம் கூடாரமாகச் சென்று, ஒவ்வொரு குடும்பத்திற்கும் இன்றியமையாத தேவை யாது எனக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கொண்டுவந்த ஆடைகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். சவர்க்காரம் வழங்கவும், நீரைக் காய்ச்சக் கொப்பரைகள் அமைக்கவும் அதிகாரிகளிடம் மீண்டும் மீண்டும் வாதாடினார். பின்னர் வேறு பல முகாம்களையும் சென்று பார்த்தார். சில வாரங்கள் கழித்து அவர் புளூம்பாண்டீனுக்குத் திரும்பியபோது, அங்கிருந்த மக்கள் தொகை இருமடங்காகப் பெருகியிருந்தது. தாம் செய்த சிறு திருத்தங்கள் பெருகிவந்த கூட்டத்தின் முன் பயனற்றுப் போவதை அவர் உணர்ந்தார்.

ஸ்பிரிங்பாண்டீன் புகைவண்டி நிலையத்தருகே அவர் கண்ட காட்சி அவர் நெஞ்சை விட்டு என்றும் நீங்கவில்லை. முகாமில் இடமின்றி வழியில் தங்கியிருந்த கூட்டத்தில், ஒரு தாய் தன் மடியில் குழந்தையைக் கிடத்தியிருந்தாள். கொடுக்க மருந்து இல்லை. குழந்தையின் உயிர் மெல்லப் பிரிந்தது. தாயின் கண்ணில் நீர் இல்லை. அவள் அசையாது அமர்ந்திருந்தாள்.

பழியும் பயனும்

தாம் கண்டவற்றை இங்கிலாந்து மக்களுக்கு அறிவித்தாலன்றிக் குழந்தைகளைக் காக்க இயலாது என்று தெளிந்த அம்மையார், 1901-ஆம் ஆண்டு மே திங்களில் தாய்நாட்டுக்குப் புறப்பட்டார். சூன் திங்களில் அவருடைய அறிக்கை வெளியாயிற்று. கண்ட ஊர், கண்ட நாள், கண்ட நிலை ஆகியவற்றைச் சிறிதும் மிகைபடாமல் அவர் அதில் எழுதியிருந்தார். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர்கள் அரசைக் கடிந்து பேசினர். நாளிதழ்கள் பலவோ அம்மையாரை நாட்டுத் துரோகி எனத் தூற்றின. அவர் பேசுவதாக இருந்த பல இடங்களில் மண்டபம் தர மறுத்தனர்.

ஆயினும் உண்மையை அரசு முற்றிலும் புறக்கணிக்க இயலவில்லை. மில்லிசென்ட் பாசெட் அம்மையாரின் தலைமையில் மகளிர் குழு ஒன்றை அரசு தென்னாப்பிரிக்காவிற்கு அனுப்பியது. எமிலி அம்மையாரை அக்குழுவில் சேர்க்கவில்லை. எனினும் அக்குழுவும் அவர் கூறிய குறைகளையே பெரிதும் உறுதிப்படுத்தியது. அவ்வாண்டின் இறுதியில் முகாம்களின் பொறுப்பு படையினரிடமிருந்து பொது ஆட்சியினரிடம் மாற்றப்பட்டது. உணவும் மருத்துவ உதவியும் திருந்தின. சாவும் குறையத் தொடங்கியது.

1901-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அம்மையார் மீண்டும் கேப் டவுன் சென்றார். இம்முறை அவரைக் கரையில் இறங்கவே விடவில்லை. நடந்து செல்ல மறுத்த அவரைத் தூக்கிச் சென்று வேறு கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினர். உடல் நலிந்த நிலையில் அவர் பிரான்சு நாட்டில் தங்கி, போரின் கொடுமையை விளக்கும் நூல் ஒன்றை எழுதி 1902-ஆம் ஆண்டு வெளியிட்டார். அவ்வாண்டு மே 31-ஆம் நாள் போர் முடிவுற்றது. அதற்குள் போயர் முகாம்களில் ஏறத்தாழ 26,000 பெண்டிரும் குழந்தைகளும் இறந்துவிட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் குழந்தைகளே.

கறுப்பு மக்களின் முகாம்களில் இறந்தோர் என அரசுக் குறிப்புகளில் உள்ளவர் 14,000 பேருக்கு மேலாவர். உண்மைத் தொகை 20,000-க்கும் மிகும் என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். அம்மக்களுள் பலர் உண்ணும் உணவையும் விலைகொடுத்தே பெறவேண்டியிருந்தது. அம்முகாம்களில் அம்மையார் பணியாற்றவில்லை. அங்கும் நோயும் வறுமையும் மிகுந்திருப்பதாகக் கேள்வியுற்று, அவற்றை ஆராய யாரேனும் முன்வர வேண்டுமெனத் தம் நாட்டாருக்கு எழுதினார். ஆயினும் அரசு அனுப்பிய மகளிர் குழு அம்முகாம்களைச் சென்று பார்க்கவில்லை.

தொழில் தந்த தொண்டு

போர் நின்றதும் வறுமை நின்றுவிடவில்லை. 1903-ஆம் ஆண்டு அம்மையார் மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்று, எரிந்த பண்ணைகளை வண்டியிலேயே சுற்றிப் பார்த்தார். வீடு திரும்பியவர்களிடம் உழுவதற்கு எருதும் இல்லை, விதைப்பதற்கு விதையும் இல்லை. மழையும் பொய்த்திருந்தது. அம்மையார் நிதி திரட்டி, ஊர்தோறும் உழவுக்கு உதவ ஏற்பாடு செய்தார்.

கொடுத்த பொருள் ஒருநாள் தீர்ந்துவிடும்; கற்ற தொழிலோ வாழ்நாள் முழுவதும் கைகொடுக்கும். இதனை உணர்ந்த அம்மையார் நூற்றலையும் நெய்தலையும் தாம் கற்று, 1905-ஆம் ஆண்டு பிலிப்போலிஸ் என்னும் ஊரில் போயர் பெண்களுக்கு ஒரு கைத்தொழிற் பள்ளியைத் தொடங்கினார். நாளடைவில் அத்தகைய பள்ளிகள் 20-க்கு மேல் பெருகின. உடல்நலம் இடந்தராமையால் 1908-ஆம் ஆண்டு அவர் தாய்நாடு திரும்பினார்.

நினைவுச் சின்னம்

முகாம்களில் மாண்ட பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் புளூம்பாண்டீனில் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. ஸ்பிரிங்பாண்டீனில் அம்மையார் கண்ட தாயின் துயரே அதன் சிற்பத்திற்குக் கருவாயிற்று. 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் நடந்த திறப்பு விழாவிற்கு அம்மையார் அழைக்கப்பட்டார். நீண்ட பயணத்தின் இடையே நோய் மிகவே அவரால் விழாவிற்குச் செல்ல இயலவில்லை. அவர் எழுதிய உரை மட்டும் அங்கே படிக்கப்பட்டது. பகைமையை மறந்து மன்னிக்குமாறு அவர் அதில் போயர்களை வேண்டினார். தமக்குத் தொடர்பில்லாத போரில் சிக்கி மாண்ட ஆயிரக்கணக்கான கறுப்பு மக்களையும் நினைவுகூர்வதே நீதியாகும் என்றும் அறிவுறுத்தினார். பின்னாளில் அவ்வுரை மீண்டும் அச்சிடப்பட்டபோது, கறுப்பு மக்களைப் பற்றிய அப்பகுதி விடப்பட்டது. அவர் கூறிய உண்மை எத்துணைத் தேவையானது என்பதற்கு அதுவே சான்றாகும்.

அந்நாளில் தென்னாப்பிரிக்காவில் இந்தியத் தொழிலாளர் காந்தியடிகளின் தலைமையில் அறப்போர் நடத்திக்கொண்டிருந்தனர். ஒப்பந்தக் காலம் முடிந்தும் அங்கே தங்கியோர் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய 3 பவுன் வரியை அவர்கள் எதிர்த்தனர். அவருள் தமிழர் பலர். காந்தியடிகள் அடுத்த பயணத்திற்கு நாள் குறித்திருந்தார். அம்மையார் அதனைப் பதினைந்து நாள் தள்ளிவைக்குமாறு அவருக்குச் செய்தி அனுப்பினார். இந்தியரோடு இணக்கம் காணுமாறு அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் எழுதினார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட போயர் தலைவர்களுள் ஒருவரான ஸ்மட்ஸ், அம்மையாரின் நண்பராவார். 1914-ஆம் ஆண்டு அவ்வரி நீக்கப்பட்டது.

இறுதி நாட்கள்

முதல் உலகப் போர் முடிந்தபின், செருமனி நாட்டு லீப்சிக் நகரில் பசியால் வாடிய பள்ளிக் குழந்தைகளுக்கு அம்மையார் உணவளித்தார். முன்னர் அவரால் உதவி பெற்ற தென்னாப்பிரிக்க மக்கள் அப்பணிக்குப் பொருள் திரட்டி அனுப்பினர். பெற்ற உதவி இவ்வாறு மற்றோர் உதவியாய் வளர்ந்தது.

1926-ஆம் ஆண்டு சூன் 8-ஆம் நாள் அம்மையார் இலண்டனில் காலமானார். தாய்நாட்டில் அவர் மறைவு பெரிதாகப் பேசப்படவில்லை. தென்னாப்பிரிக்க மக்கள் அவருடைய சாம்பலைக் கொண்டுசென்று, அவ்வாண்டு அக்டோபர் 27-ஆம் நாள், புளூம்பாண்டீன் நினைவுத்தூணின் அடியில் பெருஞ்சிறப்புடன் வைத்தனர். தவறு செய்தது தம் நாடேயாயினும் அதனை எடுத்துரைத்துத் திருத்த முற்படுவோரும் நாட்டுப்பற்று உடையோரே என்பதை அம்மையாரின் வாழ்க்கை உலகிற்கு உணர்த்துகின்றது.