சேணம் கொடுத்து ஓவியம் கற்றவர்

படிச்சது ஒண்ணு, பார்க்கப்போற வேலை வேறன்னு கவலையா? அப்போ சார்ல்ஸ் வில்சன் பீலைப் பற்றி நீங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

1741-ல் அமெரிக்காவின் மேரிலாண்டில் பிறந்தவர். சின்ன வயசுலயே அப்பா இறந்துட்டார். 13 வயதில் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு சொந்தமா கடை போட்டார், கடன்தான் மிஞ்சியது. ஓவியம் கத்துக்க ஆசை, கையில் காசு இல்லை. என்ன பண்ணார் தெரியுமா? ஜான் ஹெசிலியஸ் என்ற ஓவியருக்கு ஒரு சேணத்தைக் கொடுத்துப் பாடம் கேட்டார். அதுதான் அவர் கட்டின ஃபீஸ்!

1767-ல் லண்டன் போய் பெஞ்சமின் வெஸ்ட்டிடம் படித்தார். அங்கே மெசோடின்ட் என்ற அச்சுக்கலையும் பழகினார். செப்புத் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி வழவழப்பாக்கணும். சொரசொரப்பு மையைப் பிடிச்சுக்கும். ஒரே தகட்டில் பல பிரதிகள் எடுக்கலாம்.

ஊர் திரும்பியவர், 1772-ல் ஜார்ஜ் வாஷிங்டனை வரைந்தார். வாஷிங்டனின் ஓவியங்களில் நமக்குத் தெரிந்த முதல் ஓவியம் அதுதான். சுதந்திரப் போரில் சிப்பாயாகவும் சண்டை போட்டார். 1786-ல் பிலடெல்பியாவில் மியூசியம் தொடங்கினார். 1801-ல், யானை மாதிரியான மாஸ்டோடான் எலும்புகளைத் தோண்டும்போது குழியில் தண்ணீர் ஊறியது. ஆட்கள் உள்ளே நடந்து சுற்றும் பெரிய சக்கரம் செய்து, வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்தார். எந்த டிகிரியும் இல்லாமலே!

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. மகன்களுக்கு ரெம்பிராண்ட், டிஷியன் என்று ஓவியர்களின் பெயரே வைத்து, ஓவியமும் கற்றுக்கொடுத்தார். அதே வீட்டில் அடிமையாக வளர்ந்தவர் மோசஸ் வில்லியம்ஸ். 1802-ல்தான் அவருக்கு விடுதலை. அவருக்குக் கிடைத்தது தூரிகை இல்லை. மியூசியத்தில் பார்வையாளர்களின் பக்கவாட்டு முகத்தைத் தாளில் வெட்டித் தரும் வேலை. 1803-ல் மட்டும் 8,000-க்கும் மேல் வெட்டினார். அவற்றில் பதிந்த முத்திரையில் இருந்தது மியூசியத்தின் பெயர், மோசஸின் பெயர் அல்ல.

பீல் 1827-ல் இறந்தார். கத்துக்கணும்னு துடிச்சவர் அவர். அந்தத் துடிப்பை மதிச்சுச் சொல்லிக்கொடுக்க ஒரு ஹெசிலியஸ் கிடைச்சார். மோசஸுக்கு பீல் அப்படி இருக்கல. நாளைக்கு ஒரு ஜூனியர் உங்ககிட்ட ஏதாவது கேட்டு வந்தா, இவங்க ரெண்டு பேரையும் ஒருதரம் நினைச்சுப் பாருங்க.