சபையில் பிறந்த சங்கம்

அம்பத்தூரில் எங்கள் தெருவுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் தொடங்க முயன்று இருமுறை தோற்றவன் நான். முதல் முறை துணைவிதிகள் எழுதினோம். ரப்பர் முத்திரை செய்தோம். மழைநீர் வடிகாலுக்கான மனுவில் கையொப்பம் வாங்கப் புறப்பட்டபோதுதான் தெருவில் பாதிப் பேரின் பெயரே எங்களுக்குத் தெரியாது என்பது விளங்கிற்று. இரண்டாம் முறை, வாடகைக்குக் குடியிருப்போரையும் உறுப்பினராக்குவதா என்ற வாக்குவாதத்திலேயே கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகுதான் திரு.வி.க.வின் வாழ்க்கையை வேறொரு தேவையோடு படித்தேன்.

அவர் எங்கள் பக்கத்து மனிதர்தாம். போரூரை அடுத்த துள்ளம் என்ற சிற்றூரில் 1883 ஆகஸ்ட் 26 அன்று பிறந்தார். அவ்வூர் இன்று தண்டலம். படித்தது இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில். யாழ்ப்பாணத்துப் புலவர் கதிரைவேற்பிள்ளை அவருக்கு அங்கே ஆசிரியராக வாய்த்தார். அந்த ஆசிரியர் தொடர்பான வழக்கில் சாட்சி சொல்லப் போய்த் தேர்வைத் தவறவிட்டதோடு திரு.வி.க.வின் பள்ளிப் படிப்பு முடிந்தது. பின்னர் ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கர், படித்த பள்ளியிலேயே ஆசிரியர். 1917 இறுதியில் அதையும் விட்டுத் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். தமிழறிஞர், சைவர், பத்திரிகையாளர். பஞ்சாலைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு ஒரு துணிக்கடையிலிருந்து வந்தது. பெரம்பூர் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் வந்துபோகும் கடை அது, செல்வபதி செட்டியாருடையது. அவரும் நண்பர் இராமாநுசலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையை நடத்திவந்தனர். துணி வாங்க வந்தவர்களும் சொற்பொழிவு கேட்க வந்தவர்களும் ஆலையில் படும் பாட்டைச் சொன்னார்கள். விடியற்காலையில் தொடங்கி மாலைவரை நீளும் வேலை. நண்பகல் உணவுக்கு அரை மணி நேரம். மேற்பார்வையாளரின் ஏச்சும் அடியும். இருவரும் நெடுநாள் கேட்டார்கள். 1918 மார்ச்சில் சபையின் பெயரிலேயே கூட்டப்பட்ட கூட்டத்தில் திரு.வி.க. பேசினார். சமயச் சொற்பொழிவுக்குப் பழகிய கூட்டம் தொழிலாளர் உரிமையைக் கேட்டது. இருவரும் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவையும் அழைத்துவந்தனர். ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் குறிப்பது இதைத்தான்.

நாங்கள் செய்ததற்கு இது நேர் எதிர். அவர்கள் கூட்டத்தை உருவாக்கவில்லை. ஏற்கெனவே கூடிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார்கள். விதிகள் பிறகு வந்தன.

திரு.வி.க.வின் பங்கு மொழியில் இருந்தது. அரசியல் மேடைகள் ஆங்கிலத்தில் முழங்கிய காலம் அது. வாடியாவுக்கோ தமிழ் தெரியாது. நூற்பு இயந்திரத்தருகே நாளெல்லாம் நின்றவனிடம் அவன் உரிமையை அவனுக்குப் புரியும் தமிழில், அவனைச் சிறுமைப்படுத்தாத தமிழில் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அந்த ஆண்டிலேயே அவருடைய மனைவி கமலாம்பிகை மறைந்தார். குழந்தைகள் இருவரும் முன்னரே இறந்திருந்தனர். முப்பத்தைந்து வயதில் தனித்து நின்றவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. துயரத்தைச் சங்கப் பணியால் ஆற்றிக்கொண்டார் என்று எளிதாக எழுதிவிடலாம். எனக்கு அவ்வளவு துணிவில்லை.

நிர்வாகம் வாடியாவையும் மற்றத் தலைவர்களையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. சங்கம் வைத்ததற்கே இழப்பீடு கேட்கலாம் என்ற அந்த நிலைதான், 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஒரு காரணமாயிற்று. வாடியா விலகியதும் சுமை திரு.வி.க.வின் தோளில் ஏறியது.

அடுத்து வந்தது 1921. எல்லோரும் விரைந்து கடந்துவிடும் பகுதி இது. அவ்வாண்டு வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் சாதி மோதலாக அது வெடித்தது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கவர்னர் வெலிங்டன் திரு.வி.க.வை அழைத்து நாடுகடத்துவதாக எச்சரித்தார். நிர்வாகமும் அரசும் பிளவை வளர்த்தன என்பது உண்மை. ஆனால் இல்லாத பிளவை யாராலும் வளர்க்க முடியாது. பட்டினியைத் தாங்கும் வலு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. பக்திச் சபையில் முன்வரிசையில் அமர்ந்தவர்கள் யார், வாசலோடு நின்றவர்கள் யார் என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சங்கத்துக்குப் பிறப்பிடமாக இருந்த அந்தச் சபையே அதன் எல்லையாகவும் இருந்திருக்கலாம். வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

அவர் ஒதுங்கிவிடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. கால் நூற்றாண்டுக்குப் பின், நாடு விடுதலை பெற்ற 1947இல், அதே ஆலைத் தொழிலாளர் போராட்டத்துக்காக வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அப்போது ஆட்சியில் இருந்தது அவர் ஒருகாலத்தில் உழைத்த காங்கிரஸ். அறுபதைக் கடந்த, கண்பார்வை மங்கிவந்த மனிதர். 1953 செப்டம்பர் 17 அன்று மறைந்தார். கிண்டித் தொழிற்பேட்டை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே அன்றாடம் நுழையும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்குச் சங்கம் உண்டு என்று அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் தெருமுனையில், வேப்பமரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் சட்டைக்காகக் காத்திருக்கும் ஒரே இடம் அதுதான். வடிகால் அடைத்துக்கொண்டால் முதலில் தண்ணீர் ஏறுவதும் அந்த வண்டிக்காரர் குடியிருக்கும் ஒற்றை அறையில்தான். எங்கள் இரண்டு கூட்டங்களுக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை. சென்ற ஞாயிறு ஒரு மூட்டைத் துணியோடு போய், உடனே வேண்டாம், மெதுவாகத் தேய்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.