பெஞ்ஜமின் ராபின்ஸ்

சிவகாசி, விருதுநகர்ப் பக்கங்களில் வாழும் நமக்கு வாணம் புதிதன்று. குச்சி செவ்வனே பொருந்தாத வாணம் காற்றிற் சாய்ந்து அயலார் கூரைமேல் வீழ்தலைச் சிறுபிராய முதலே கண்டிருக்கிறோம். பறக்கும் பொருளைக் காற்று எவ்வளவு வலிமையுடன் தாக்குகின்றது என்பதைக் கருவிகொண்டு அளந்த முன்னோடி ஒருவர் தமிழ்நாட்டு மண்ணிலேயே உயிர் நீத்தார் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே.

ராபின்ஸ் 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பாத் நகரில், வறிய தையற்காரர் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தார். இருபதாம் பிராயத்திலேயே ராயல் சொசைட்டி இவரை அங்கத்தினராக ஏற்றது.

அக்காலத்துப் பீரங்கி நூலோர், கனத்த குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டன்று என்று கருதி, அது செல்லும் வழியை ஒழுங்கான பரவளைவென்றே கணித்து வந்தனர். ராபின்ஸ் இதற்கு உடன்பட்டாரல்லர். தொங்கும் மரப்பலகை ஒன்றிற் குண்டைச் சுட்டு, பலகை ஊசல்போற் பின்வாங்கிய அளவினின்று குண்டின் வேகத்தை அறிந்தார்; பலகையைத் தொலைவில் நிறுத்தி மீண்டுஞ் சுட்டு, இடைவழியிற் குறைந்த வேகத்தையும் அறிந்தார். முக்கால் அங்குல ஈயக்குண்டு விநாடிக்குச் சுமார் 1,700 அடி செல்லுங்கால், காற்றின் தடை அதன் எடையைப்போல் 100 மடங்கிற்கும் மேற்பட்டிருந்தது! ஒலியின் வேகத்தை அணுகுமிடத்தில் அத்தடை திடீரெனப் பெருகுதலையும் கண்டு, 1742-இல் நூலாக வெளியிட்டார். இன்று ஸ்ரீஹரிகோட்டாவினின்று எழும் ராக்கெட்டுகளை அமைப்போர் மிகவும் எச்சரிக்கையுடன் கணிப்பது இவ்வேக எல்லையையும் அதனை அடுத்த சில விநாடிகளையுமே. அப்பொழுது மேற்காற்று பக்கவாட்டில் அறையுமாயின் நெடிய கலம் வளைந்து ஒடியவுங் கூடும். ஆதலின், ஏவுமுன் பலூன் விட்டு மேற்காற்றை அளக்கின்றனர்.

சுழன்று செல்லும் குண்டைக் காற்று ஒருபுறம் ஒதுக்கும் என்பதையும் ராபின்ஸ் சோதித்துக் காட்டினார். இவர் நூலை 1745-இல் ஜெர்மானியத்திற் பெயர்த்து விரிவுரையும் வரைந்த பெருங்கணிதர் ஆய்லர், இதனை மட்டும் ஒப்பவில்லை. குண்டின் வடிவக் குறையே காரணமென்றார். நூறாண்டு கழிந்து, 1852-இல் மாக்னஸ் என்பார் அதனை நிலைநாட்டப் பெயரும் அவருக்கே போயிற்று. இது நீதியென்று நமக்குத் தோன்றவில்லை.

1749-இல் லண்டனில் நிகழ்ந்த பெரிய வாணவேடிக்கையை ஊரார் கண்டு களிக்க, இவரோ வாணங்கள் ஏறும் உயரத்தை அளப்பித்துக் கட்டுரை எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியார் இவரைத் தலைமை இஞ்சினீயராக நியமிக்க, 1750-இல் கடலூரையடுத்த செயின்ட் டேவிட் கோட்டை வந்து சேர்ந்தார். அதனையும் சென்னைக் கோட்டையையும் வலுப்படுத்தத் திட்டம் வகுத்தார். நம் நாட்டுச் சுரம் இவரை விடவில்லை. 1751 ஜூலை 29-இல், நாற்பத்துநான்காம் பிராயத்தில், கம்பெனியாருக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கையில், எழுதுகோல் கையிலிருந்தவாறே உயிர் பிரிந்ததென்பர்.