விபுலாநந்தரின் விரிவுரைகள்

சுவாமி விபுலாநந்தரைப் பற்றி ஒரு கட்டுரையாவது எழுதாமல் எமது பாடசாலையை விட்டு வெளியேறிய மாணவி எவரும் இருக்கமாட்டார். காரைதீவில் பிறந்தார், துறவு பூண்டார், யாழ் நூல் எழுதினார், மறைந்தார் என்று நான்கு பந்திகளில் முடித்துப் புள்ளியும் வாங்கினோம். அந்த நான்கு பந்திகளில் அடங்காத ஒன்றை இம்மலரில் எழுத விரும்புகிறோம். அவர் ஒரு பேச்சாளர். அவருடைய பெரிய ஆக்கங்கள் அச்சேறுவதற்கு முன்பே சபையோர் காதில் விழுந்தவை.

1892இல் காரைதீவில் பிறந்தபோது அவர் மயில்வாகனம். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்புக்கு வந்தார். 1916இல் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமாவைப் பெற்றார். புதுக்கடை நீதிமன்றங்களிலிருந்து மருதானைப் பக்கமாக நடந்தால் வரும் அதே கல்லூரிதான். அந்த ஆண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம். பௌதிகம் படித்தவர் தமிழ்ப் பக்கம் திரும்பிப் பார்க்காத காலம் அது. தமிழ்ப் பண்டிதர்களோ ஆய்வுகூட வாசலை மிதித்தறியாதவர்கள். இவர் இரண்டிடத்திலும் இருந்தார்.

1924இல் துறவியானார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்க விழாவில் நாடகத்தைப் பற்றிப் பேசினார். சேக்சுபியரையும் தமிழ் நாடக மரபையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்தப் பேச்சுத்தான் விரிந்து, 1926இல் 'மதங்கசூளாமணி' என்ற நூலாயிற்று.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பகலில் பட்டதாரி மாணவருக்குச் சங்க இலக்கியம் நடத்தியவர், ஓய்வு வேளைகளில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குப் போய் அங்குள்ள மக்களிடையே பணி செய்தார். பேராசிரியர் ஒருவர் சேரிக்குப் போவது அன்று சாதாரண காரியமல்ல. பல்கலைக்கழகத்தின் கல்வி மதிலுக்கு உள்ளேயே நின்றுவிடக்கூடாது என்பதை அவர் கால்நடையாகவே சொல்லிவிட்டார் என்று நாம் கருதுகிறோம்.

1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்தமிழ் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். சிலப்பதிகாரத்தில் யாழ் இருந்தது; நாட்டில் இல்லை. பார்த்து அளக்க ஒரு யாழும் கிடைக்காத நிலையில், பாட்டிலும் உரையிலும் கிடந்த குறிப்புகளை அவர் கணக்காக மாற்றினார். ஒரு நரம்பைப் பாதியாகக் குறைத்தால் அதே சுரம் ஒரு தானம் மேலே ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஐந்தாம் சுரம், பழந்தமிழில் குரலுக்கு இளி. இந்த விகிதங்களைப் பிடித்துக்கொண்டு நரம்பு நரம்பாக முன்னேறினார். பதினான்கு ஆண்டு உழைப்பு. விஞ்ஞான டிப்ளோமா வீண்போகவில்லை.

அதே 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மகாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார். எம்மைப் போன்ற மருத்துவர்களுக்கு இது நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் அம்மாவுக்கு அவருடைய நோயைத் தமிழில் விளங்கப்படுத்த முயலும்போதுதான், அன்று சொல் தேடியவர்களின் அருமை தெரிகிறது. எமது மருத்துவக் கருத்தரங்குகளோ இன்றும் ஆங்கிலத்திலேயே தொடங்கி ஆங்கிலத்திலேயே முடிகின்றன. நோயாளிகள் அங்கே வருவதில்லை என்பது எமக்கு வசதிதான்.

பிறகு இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் இருந்து 'பிரபுத்த பாரத' இதழை நடத்தினார். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தோன்றியது. மறு ஆண்டு அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். ஆங்கிலமே ஆட்சி செய்த அந்த மண்டபங்களில் தமிழுக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. காவியுடையில் வந்து அதில் அமர்ந்தவர் பௌதிகமும் அறிந்தவர் என்பதால், அதைச் சலுகை என்று சொல்ல எவருக்கும் இடமிருக்கவில்லை.

1947 யூன் 5ஆம், 6ஆம் திகதிகளில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அவருடைய கணக்கின்படி செய்த யாழ்களை மக்கள் கண்டார்கள், கேட்டார்கள். உடல் தளர்ந்த நிலையில்தான் கடல் கடந்து போயிருந்தார். ஒன்றரை மாதத்துக்குள், யூலை 19ஆம் திகதி, கொழும்பில் காலமானார். வயது 55. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய், கல்லடி உப்போடையில் அவரே வளர்த்த சிவானந்த வித்தியாலயத்து வளவில் அடக்கம் செய்தார்கள்.

அவருக்குப் பின் அந்த ஆசனத்துக்கு வந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஈழத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதிப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். அவருடைய மாணவர் சு. வித்தியானந்தன் பேராதனைக்கு நாட்டுக்கூத்தைக் கொண்டுவந்தார். அது தனிக் கதை. வேறொரு தோழி எழுதட்டும்.

இன்று கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசையும் நடனமும் நாடகமும் அங்கே பட்டப்படிப்புகள். ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் விடுமுறைக்கு வரும் தோழியர் பாசிக்குடாவோடு திரும்பிவிடாமல், ஒரு மாலைப்பொழுதைக் கல்லடிக்கு ஒதுக்குங்கள். முதலில் வித்தியாலய வளவில் அவருடைய சமாதி. பிறகு நிறுவகத்தில் அன்றைக்கு நிகழ்ச்சி ஏதும் உண்டா என்று வாசலில் கேளுங்கள்.