ஆலை அதிபர் மகன் அமைத்த ஆகாயத் தொழில்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா கடற்கரையிலே ஒரு பழைய மாதா கோயில் இருக்கிறது. மகதலேனா மரியாள் பெயரால் எழுந்த கோயில். நாகர்கோவிலிலே கூட்டம் பேசி முடித்து, மறுநாள் சற்றே ஓய்வு வாய்த்தபோது, தோழர்கள் சிலரோடு நாம் அங்கு சென்றோம். இன்று அது வழிபாட்டு இடமல்ல. விண்வெளிப் பொருட்காட்சிச் சாலை. முழங்காலிட்டு மீனவர் மன்றாடிய கூடத்திலே, மூக்குக் கூர்ந்த ராக்கெட்டுகளின் மாதிரிகள் அணிவகுத்து நிற்கின்றன. வெளியே வந்தால் அதே கடல், அதே அலை, அதே உப்புக் காற்று.

கோயிலைக் கொடுத்தவர்கள் கட்டுமரம் தள்ளிப் பிழைத்த ஏழைகள். கேட்டு வாங்கியவரோ, கோடீசுவரர் வீட்டுப் பிள்ளை! இந்த இருவருக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலிலேதான் இந்திய நாட்டு ஆகாயத் தொழில் பிறந்தது. இன்று அந்தத் தொழில் சந்தைக்கு வந்திருக்கிறது. பங்கு எவ்வளவு, பலன் எவ்வளவு, அந்நியர் முதல் எவ்வளவு என்று கணக்குப் பேசுகிறார்கள். பேசட்டும். பேரேட்டின் முதல் பக்கத்தை எழுதியவர் யார், எப்படி எழுதினார் என்பதையும் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்பதற்காகவே விக்ரம் சாராபாயின் வாழ்க்கையை இங்கே சொல்ல முற்படுகிறோம்.

வடநாட்டு ஆலை அதிபர் என்றதுமே நம் தோழர்களுக்குப் புருவம் நெரியும். மறைப்பானேன், நமக்கும் நெரிந்தது! ஆயினும் ஆளை அறியாமல் அளவெடுப்பது அறிவுடைமை ஆகாதல்லவா?

1919 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஆமதாபாத்து நகரிலே பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய், காலிகோ ஆலையின் அதிபர். செல்வம் கொழித்த வீடு, எட்டுக் குழந்தைகள், அவர்கள் படிப்பதற்கென்று மாளிகைக்குள்ளேயே தனிப் பள்ளி! நம் வீட்டுப் பிள்ளைகள் மரத்தடிப் பள்ளிக்கு மைல் கணக்கில் நடந்த காலம் அது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்த மாளிகைக்குள்ளே வேறொரு விந்தையும் இருந்தது. விக்ரம் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1918-லே, ஆமதாபாத்து நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நூற்றுக்கு 35 கூலி உயர்வு கேட்டார்கள் பாட்டாளிகள். இருபதுக்கு மேல் இல்லை என்றார்கள் முதலாளிகள். முதலாளிகளின் முன்னணியிலே நின்றவர் அம்பாலால். பாட்டாளிகளின் பக்கம் நின்றவர்கள் காந்தியாரும், அனசூயா அம்மையாரும். யார் இந்த அனசூயா? அம்பாலாலின் சொந்தத் தமக்கை! தம்பி கதவை அடைக்கிறார்; தமக்கை தெருவிலே தொழிலாளரைத் திரட்டுகிறார். ஒரே குடும்பம், எதிரெதிர் அணிகள்! காந்தியார் உண்ணாநோன்பு இருந்தார். வழக்கு நடுவர் தீர்ப்புக்குப் போயிற்று. இறுதியிலே கேட்ட 35 கிடைத்தது. இத்தனைக்கும், 1915-லே தீண்டாதார் குடும்பம் ஒன்றைக் காந்தியார் ஆசிரமத்தில் சேர்த்ததற்காகச் செல்வந்தர்கள் கைவிரித்தபோது, 13,000 ரூபாயை ஓசையின்றிக் கொடுத்துச் சென்றவரும் அதே அம்பாலால்தான் என்பார்கள். அத்தையின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தொழில் என்றால் இலாபம் மட்டுமல்ல என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜ் சென்றார், 1940-லே பட்டம் பெற்றார். போர் மூண்டிருந்தது, நாடு திரும்பினார், பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி. பள்ளிப் படிப்போடு மேடைக்கு வந்துவிட்ட நாம் அந்த ஆராய்ச்சியை விரித்துரைக்க முயல்வது வீண். விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் நுண்துகள் மழை என்று விவரம் அறிந்தோர் விளக்குவர். 1942-லே மிருணாளினியை மணந்தார். சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் ஆகியோரின் மகள், பரதக்கலை வல்லவர், நேதாஜியின் படையிலே பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய கேப்டன் இலட்சுமியின் தங்கை. ஆக, சென்னைக்கும் அவர் மாப்பிள்ளை!

1947. மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டத்தோடு திரும்பியவருக்கு வயது 28. அந்த ஆண்டு நவம்பரிலே பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார், பாலக்காட்டுக்காரரான கே.ஆர். இராமநாதனை அதன் முதல் இயக்குநராக அமர்த்தினார். அதே ஆண்டிலே நெசவாலைகளுக்கென ஓர் ஆராய்ச்சிக் கழகம். பாட்டன் காலத்துப் பழக்கம் போதும், பஞ்சைக் கையால் தடவினாலே தரம் தெரியும் என்றிருந்த ஆலைக்காரர்களிடம் சென்று, அளந்து பார், ஆராய்ந்து பார் என்று சொல்வது எளிதான வேலையா? இளைஞர்களை வைத்துக்கொண்டே அதைச் செய்தார். பரோடாவிலே குடும்பத்தின் மருந்துத் தொழிற்சாலையை நடத்தினார். எது விற்கும், எவர் வாங்குவர் என்று கணக்கிட்டுச் சொல்லும் நிறுவனம் ஒன்றையும் அங்கே அமைத்தார். 1961-லே ஆமதாபாத்தில் நிர்வாகக் கல்வி நிலையம் எழுந்ததிலும் அவர் பங்கு பெரிது. இவ்வளவையும் ஏன் அடுக்குகிறோம்? ஆகாயத்தைக் காட்டிக் காசு கேட்ட கனவுக்காரர் அல்லர் அவர்; பற்று வரவு பார்க்கத் தெரிந்த தொழிலதிபர். அதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து வருவதன் அருமை விளங்கும்.

1962-லே விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தது, தலைவர் சாராபாய். ஏவுதளம் எங்கே? டில்லிக்கு அருகிலா, பம்பாய்க்குப் பக்கத்திலா? எதையும் வடக்கே வைத்துப் பழகிய காலம் அது! ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு எந்த மந்திரியின் பரிந்துரைக்கும் பணியவில்லை. தென்கோடியிலே, தும்பாவை ஒட்டிச் சென்றது. அந்தக் கோட்டின் மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலே, மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. பலூன் எட்டாத உயரம் அது. துணைக்கோள் இறங்காத தாழ்வு அது. சிறு ராக்கெட் ஒன்றே அங்கு சென்று ஆராயும். ஆகவே, தெற்கு வென்றது!

ஆனால் இடம் காலியாகவா கிடந்தது? மீனவர் குடியிருந்தனர், நடுவிலே கோயில் நின்றது. சர்க்கார் நினைத்தால் ஆணை அனுப்பலாம். தாசில்தார் வருவார், தண்டோரா போடுவார், போலீசு பின்னால் நிற்கும். சாராபாய் அந்த வழியில் போகவில்லை. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை நேரில் சென்று கண்டார். ஆயர் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிலே மக்கள் முன் விஷயத்தை வைத்தார். மக்கள் இசைந்தனர். வேறிடத்தில் வீடு, வேறிடத்தில் கோயில் என்று பெயர்ந்தனர். கோயில் அலுவலகமாயிற்று, ஆயர் இல்லம் தொழிற்கூடமாயிற்று, மாட்டுக் கொட்டகைகூட ஆராய்ச்சிக்கு உதவிற்று! ராக்கெட்டின் பாகத்தைச் சைக்கிளிலே கட்டித் தள்ளிச் சென்ற படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த இளைஞர் கூட்டத்திலே இராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர்.

1963 நவம்பர் 21, மாலை. ராக்கெட் அமெரிக்காவினுடையது, உள்ளே வைத்த சோடியம் கருவி பிரான்சினுடையது, நிலம் மட்டும் நம்முடையது. சீறி எழுந்தது; அந்தி வானிலே செம்மஞ்சள் மேகம் விரிந்தது.

மக்கள் கேட்டார்கள்: கப்பலிலே கோதுமை வந்தால்தான் அடுப்பு எரியும் நாட்டுக்கு வாணவேடிக்கை ஏன்? நியாயமான கேள்வி. நாம் அன்று இருந்திருந்தால் நாமும் மேடையேறிக் கேட்டிருப்போம். சாராபாய் இதைத் தேசத்துரோகக் கேள்வி என்று தள்ளவில்லை. பணக்கார நாடுகளோடு சந்திரனுக்குப் பந்தயம் ஓடுவது தம் நோக்கமன்று என்று ஒப்புக்கொண்டார். மழை எப்போது வரும், பயிரில் நோய் எங்கே, பள்ளிக்கூடமே இல்லாத ஊருக்குப் பாடம் எப்படிப் போகும் - இவற்றுக்குப் புது விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதில் எவருக்கும் பின்தங்கக் கூடாது என்பதே அவர் வாதம்.

வாதத்தோடு நிற்கவில்லை. 1970-லே கேரளத்துத் தென்னந்தோப்புகளை வேர்வாடல் நோய் அரித்துக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டரில் ஏறி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும் படச்சுருளால் மேலிருந்து படம் எடுத்தார்கள். எது நோயுற்ற மரம், எது நலமான மரம் என்பது நிறத்திலேயே தெரிந்தது! தொலைவுணர்தல் என்று இன்று வாணிகம் நடக்கிறதே, அதன் இந்தியத் தொடக்கம் தென்னை மரத்து உச்சியிலே.

அடுத்தது தொலைக்காட்சி. 1969-லே அமெரிக்காவோடு ஓர் உடன்பாடு செய்தார்: அவர்கள் துணைக்கோளை ஓராண்டு கடன் தர வேண்டும், பாடமும் பயிர்ச் செய்தியும் நாமே தயாரிப்போம். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களிலே 2,400 சிற்றூர்கள் பார்த்தன. கோள் அமெரிக்காவினுடையது, ஊர் நடுவே நின்ற கருவியோ உள்நாட்டார் செய்தது. அலை வாங்கும் பத்தடிக் கிண்ணத்தைக் கோழிக்கூட்டு வலைக் கம்பியால் கட்டினார்கள்! அந்தக் காட்சியைக் காண அவர் இல்லை.

1966-லே விமான விபத்தில் ஓமி பாபா மாண்டார்; அணுசக்திக் குழுவின் தலைமையும் சாராபாயின் தோளிலே ஏறிற்று. அந்தப் பதவியை ஏற்றபோது குடும்ப வாணிகப் பொறுப்புகளை விட்டுவிட்டார். இதை நாம் அடிக்கோடிட்டுச் சொல்கிறோம். 1967-லே மூன்று அங்குலக் குறுக்களவுள்ள ரோகிணி ராக்கெட் சொந்த முயற்சியிலே எழுந்தது. பிரான்சிடம் உரிமம் பெற்றுச் சென்டார் ராக்கெட் செய்யக் கற்றார்கள். 1969 ஆகஸ்டு 15-லே இஸ்ரோ பிறந்தது. இடையறாத பயணம், இரவிலும் ஆலோசனை. 1971 டிசம்பர் 30 அன்று, தும்பாப் பணிக்காக வந்து கோவளத்திலே தங்கியிருந்தவர், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வயது 52.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்தது. 1975-லே ஆரியபட்டா, 1980-லே சொந்த ராக்கெட்டில் சொந்தக் கோள், 2017-லே ஒரே ஏவலில் 104 கோள்கள், அவற்றில் 101 பிறநாட்டாருடையவை. ராக்கெட்டின் உறுப்புகளைத் தனியார் தொழிற்சாலைகள் செய்து தந்தன. செய்யும் வகையைச் சொல்லிக் கொடுத்தது இஸ்ரோ. 2023 ஆகஸ்டு 23-லே சந்திரனில் இறங்கிய கலத்துக்கு விக்ரம் என்று பெயர். அத்திட்டத்தை இயக்கியவர் விழுப்புரத்து வீரமுத்துவேல்.

2020-லே தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது. 2022 நவம்பரிலே ஐதராபாத்து இளைஞர்கள் விட்ட முதல் தனியார் ராக்கெட்டுக்கும் விக்ரம் என்றே பெயர். 2024 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யிலே முளைத்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு பறந்து காட்டிற்று. மகிழ்கிறோம், மனமார வாழ்த்துகிறோம்! சுமார் 800 கோடி டாலர் அளவில் இருக்கும் தொழிலை 2033-க்குள் 4,400 கோடி டாலராக்குவது என்று 2023-லே திட்டம் வெளியிட்டார்கள். 2024-லே அந்நிய முதலுக்கும் வழி விட்டார்கள்: கோள் செய்ய நூற்றுக்கு 74 வரை, ராக்கெட்டுக்கு 49 வரை, உறுப்புகளுக்கு முழுவதும், முன்அனுமதி கேட்காமலே வரலாம்.

வாணிகம் வளர்வதிலே நமக்கு வருத்தமில்லை. வாணிகரே அமைத்த தொழில் அல்லவா இது! ஆனால் அந்த வாணிகர் தம் கடையை மூடிவிட்டுப் பொதுக் காசைத் தொட்டார். ஏவுமேடையும், சோதனைக் கூடமும், ஐம்பதாண்டு அனுபவமும் பொதுமக்கள் வரிப்பணத்திலே விளைந்தவை. விளைந்த வயலைக் குத்தகைக்கு விடுகிறவர், குத்தகை என்ன என்று ஊருக்குச் சொல்ல வேண்டாமா?

ஊர் என்றால் தொலைவிலே இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்திலே 2024 பிப்ரவரி 28-லே இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்தோ நேரே தெற்கே பறக்கலாம். சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இலாபம். இங்கும் டில்லியின் கருணையல்ல, பூகோளத்தின் கொடை! 2025-லே தமிழ்நாடு தனக்கென விண்வெளித் தொழிற்கொள்கையும் வகுத்தது. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். திருநெல்வேலிச் சீமையின் பட்டறைகளுக்கும் பணி கிடைக்க வேண்டும்.

ஆனால் ராக்கெட் ஏறும் நாளிலே கடலில் வலை இறங்கக் கூடாது. ஸ்ரீஅரிகோட்டாவை ஒட்டிய பழவேற்காட்டு மீனவரைக் கேளுங்கள்; ஒவ்வோர் ஏவலும் அவர்களுக்கு ஒரு பட்டினி நாள். சர்க்கார் ராக்கெட் ஆண்டுக்குச் சில முறை ஏறியபோதே அந்த நிலை. கட்டணம் வாங்கிக்கொண்டு வாணிகர் ராக்கெட்டுகள் வரிசையாக ஏறத் தொடங்கினால்? குலசை, மணப்பாடு கரைகளிலே எத்தனை நாள் படகு மணலில் கிடக்கும்?

கணக்கை இப்போதே எழுதுங்கள் என்கிறோம். ஏவல் ஒன்றுக்கு வாங்கும் கட்டணத்திலே, வலை இறக்காத நாளுக்கான கூலி ஒரு செலவினமாக இருக்கட்டும். காப்பீட்டுத் தொகைக்கு அடுத்த வரியிலே இருக்கட்டும். ஏவும் தேதியைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாமல், அதிகாரிகள் கரைக்கு வந்து, மீனவர் கூட்டத்திலே உட்கார்ந்து, எந்த மாதம் மீன் அதிகம், எந்த மாதம் கடல் சும்மா கிடக்கும் என்று கேட்டுத் தேதி குறிக்கட்டும். தும்பாவிலே ஒருவர் அப்படித்தான் கேட்கப் போனார்; கோயிலையே கொடுத்தார்கள்.