சொல் இழந்த கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாம்

இரண்டு வருடங்களுக்கு முன் என் வாப்பும்மாவுக்குச் சொற்கள் தடுமாறத் தொடங்கின. தேநீர் வேண்டுமென்றால் சாவி கேட்பார். மூளை நரம்புகளில் வரும் நோய் என்றும், அது ஏன் வந்தது என்று சொல்ல முடியாது என்றும் வைத்தியர் சொன்னார். பார்க்க வந்தவர்களில் சிலரோ கண்ணூறு என்றார்கள். சிலர் மூளை குழம்பிவிட்டது என்று மெல்லச் சிரித்தார்கள். அந்த நாட்களில்தான் வங்கக் கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாமின் வரலாற்றை வாசித்தேன்.

அவர் 1899இல் மேற்கு வங்கத்தின் சுருலியா கிராமத்தில் பிறந்தார். வறுமை நிறைந்த அந்த வீட்டில் அவருக்கு வைத்த செல்லப்பெயர் துக்கு மியா. பள்ளிவாசல் இமாமாக இருந்த தந்தை வபாத்தானபோது அவருக்கு ஒன்பது வயது. சிறு வயதிலேயே பள்ளிவாசலில் பாங்கு சொன்னார். கிராமிய நாடகக் குழுவில் பாட்டுக் கட்டினார். அசன்சோலில் ரொட்டிக் கடையொன்றில் வேலை செய்தார். 1917இல் இராணுவத்தில் சேர்ந்து கராச்சிக்குப் போனார்.

1922 ஜனவரியில் வெளிவந்த 'பித்ரோஹி' என்ற கவிதை அவரை வங்கம் முழுவதும் அறியச் செய்தது. அந்தச் சொல்லுக்குக் கிளர்ச்சியாளன் என்று பொருள். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து எழுதியதற்காக 1923இல் அவருக்கு ஒரு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. சிறைக் கொடுமைகளைக் கண்டித்து ஒரு மாதத்துக்கும் மேலாக உண்ணாவிரதம் இருந்தார். அவர் இயற்றிய பாடல்கள் மூவாயிரத்துக்கும் அதிகம். அவற்றுள் ஒன்று வங்க முஸ்லிம்கள் இன்றும் நோன்புப் பெருநாளை வரவேற்கப் பாடுவது.

நான் வாசித்த குறிப்புகளில் பல, 1942உடன் அவருடைய வாழ்க்கை முடிந்துவிட்டதுபோல எழுதப்பட்டிருந்தன. அந்த வருடம் ஜூலையில் நஸ்ருலின் நாக்குத் தடுமாறியது. பின்னர் பேச்சும் நினைவும் போயின. அப்போது அவருக்கு 43 வயது. ஆனால் அதன் பின்னும் அவர் 34 வருடங்கள் வாழ்ந்தார்.

அவருடைய மனைவி பிரமிளா அதற்கு முன்பே இடுப்புக்குக் கீழ் செயலிழந்து படுக்கையில் கிடந்தவர். படுக்கையில் இருந்தபடியே கணவரையும் பார்த்துக்கொண்டார். வீட்டில் பணமும் இல்லை. பத்து வருடங்களுக்குப் பின்னரே அன்பர்கள் குழுவாகச் சேர்ந்து நிதி திரட்டி, 1953இல் அவரை இலண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே வைத்தியர்களிடையே கருத்து ஒத்துப்போகவில்லை. வியன்னாவில் டொக்டர் ஹான்ஸ் ஹொஃப், இது பிக் நோய் என்றும் இதைக் குணப்படுத்த முடியாது என்றும் கூறினார். பிராக் நகர வைத்தியர் ஆர்னோல்ட் பிக் 1892இல் முதலில் விவரித்த நோய் இது. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சிறிது சிறிதாகச் சுருங்க, பேச்சும் நடத்தையும் மாறிவிடும். பெரும்பாலானோருக்கு இது ஏன் தொடங்குகிறது என்பது இன்றும் தெரியாது.

1962இல் பிரமிளா இறந்தார். 1972இல் பங்களாதேஷ் அரசு நஸ்ருலை டாக்காவுக்கு அழைத்துச் சென்று கௌரவித்தது. அந்த நாட்டின் தேசிய கவி அவரே. 1976 ஓகஸ்ட் 29இல் அவர் வபாத்தானார். பாங்கோசை கேட்கும் இடத்தில் அடங்க வேண்டும் என்று பாடியிருந்தவரை, டாக்காப் பல்கலைக்கழகப் பள்ளிவாசலின் அருகில் நல்லடக்கம் செய்தார்கள்.

அந்த 34 வருடங்களில் அவர் ஒரு கவிதையும் எழுதவில்லை. ஆனாலும் அவருக்கு உணவு ஊட்டவும், உடை மாற்றவும், பக்கத்தில் இருக்கவும் மனிதர்கள் இருந்தார்கள். கவிஞராக இருந்ததற்காக மட்டும் ஒருவரைக் கவனிப்பதென்றால், கவிதை எழுதாத என் வாப்பும்மாவை யார் கவனிப்பது? காரணம் தெரியாத நோய்க்கு நாமாக ஒரு காரணம் கட்டிச் சொல்வது, நோயாளிக்கும் வீட்டாருக்கும் இன்னொரு வேதனை.

இப்போது வாப்பும்மா சாவி கேட்டால் நான் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறேன். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் இலகுவை அளிப்பானாக.